இரு கண்ணும் ஒரு தலையும்: வி.ஆர். கண்ணாடி வீட்டுக்குள் வந்த வரலாறு

மெய்நிகர்க் கண்ணாடி என்றும் வி.ஆர். கண்ணாடி என்றும் இன்று வழங்கப்படும் கருவி, அணிந்தவரின் கண்களை வெளியுலகிலிருந்து முழுவதும் மறைத்து, இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாகச் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி, தலை திரும்பும் பக்கமெல்லாம் அப்படங்களையும் உடன் திருப்பி, அவர் வேறோர் இடத்தில் நிற்பதாக உணரச் செய்வது. இதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. இரு கண்களுக்கு இரு படம் காட்டித் தட்டையான தாளிலோ திரையிலோ ஆழத்தைத் தோற்றுவிப்பது முதல் வேலை. தலையின் அசைவைக் கணத்துக்குக் கணம் அளந்து அதற்கேற்பக் காட்சியை மாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலையைச் செய்யும் கருவி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வீட்டுக் கூடங்களுக்குள் புகுந்துவிட்டது. இரண்டாவது வேலையோ 1960களில் ஆய்வுக்கூடங்களில் பிறந்து, வீட்டு வாசலை எட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. வீட்டு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமான வி.ஆர். கண்ணாடியின் வெற்றி தோல்விகளை, இவ்விரண்டும் எப்போது பிரிந்திருந்தன, எப்போது கூடின என்பதைக் கொண்டே பெரும்பாலும் விளக்கிவிடலாம்.

மனிதரின் இரு கண்மணிகளுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சிறிது மாறுபட்ட கோணத்தில் காண்கிறது. மூக்குக்கு நேரே ஒரு விரலை நிறுத்திக் கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் இடமும் வலமுமாகத் தாவுவதை எவரும் காணலாம். இந்த மாறுபாட்டைக் கொண்டு மூளை ஆழத்தை உணர்கிறது என்பதை 1838இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் சார்லஸ் வீட்ஸ்டோன் விளக்கியதோடு, அதை மெய்ப்பிக்க ஒரு கருவியையும் செய்து, திண்மையைக் காண்பது என்னும் பொருள்பட ஸ்டீரியோஸ்கோப் என்று அதற்குக் கிரேக்கச் சொற்களால் பெயரும் சூட்டினார். முகத்துக்கு முன் சாய்வாக நிறுத்திய இரண்டு கண்ணாடிகளும், அவற்றின் இருபுறமும் வைத்த இரு படங்களுமே அக்கருவி. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதால், வீட்ஸ்டோன் பயன்படுத்தியவை கையால் வரைந்த கோட்டுருவங்களே. ஆழத்தைக் காட்டும் கருவி புகைப்படத்துக்கும் மூத்தது என்பது இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

மேசையை அடைத்துக்கொண்ட அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சிறு பெட்டியாக்கியவர் ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர். அவர் 1849இல் வில்லைகளைக் கொண்டு அமைத்த வடிவத்தைப் பாரிசைச் சேர்ந்த ஒளியியல் கருவி வினைஞர் ஜூல் டுபோஸ்க் செய்து விற்றார்; 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் விக்டோரியா அரசி அதைப் பார்த்து மகிழ்ந்தபின் வாங்குவோர் பெருகினர். 1854இல் தொடங்கிய லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி, இக்கருவி இல்லாத வீடே இருக்கக் கூடாது என்பதைத் தன் விளம்பர முழக்கமாக வைத்துக்கொண்டதுடன், நான்கே ஆண்டுகளில் ஒரு லட்சம் காட்சிகளைத் தன் விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. எகிப்தின் பிரமிடும் நயாகரா அருவியும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மேசைமேல் அட்டைகளாக அடுக்கப்பட்டிருந்தன. இரவு உணவுக்குப் பின் குடும்பத்தார் கூடி அமர்ந்து, கருவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். பார்ப்பவர் எப்போதும் ஒருவரே. மற்றவர்கள் அவர் வாய்விட்டு வியப்பதைக் கேட்டபடி தம் முறைக்குக் காத்திருந்தனர். ஒரு கூடத்தில் ஒருவர் மட்டும் ‘போய்விடுவதும்’ மற்றவர் வெளியே நிற்பதுமான அந்த அமைப்பு, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

கருவியை எளியோர் கைக்கும் எட்டச் செய்த பெருமை பாஸ்டன் நகர மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்சுக்கு உரியது. 1861இல் அவர் வடிவமைத்தது பெட்டியே இல்லாத கருவி. நெற்றியில் பொருந்தி வெளிச்சத்தை மறைக்கும் ஒரு விளிம்பு, இரு வில்லைகள், கீழே ஒரு கைப்பிடி, முன்னால் நீண்ட மரச்சட்டம், அதில் முன்னும் பின்னும் நகரும் அட்டைத் தாங்கி ஆகியவற்றோடு அது முடிந்தது. கண்ணுக்குத் தெளிவு வரும்வரை தாங்கியைத் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான். ஹோம்ஸ் வேண்டுமென்றே இதற்குக் காப்புரிமை பெறாமல் விட்டதால், எந்தத் தச்சரும் எந்தக் கம்பெனியும் அதைச் செய்து மலிவாக விற்க முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் எஞ்சிய காலம் முழுவதும் அமெரிக்க வீடுகளில் புழங்கியது பெரும்பாலும் இவ்வடிவமே.

இந்த அலை தமிழ்நாட்டையும் தொட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, கோயில்களையும் அரண்மனைகளையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்ததோடு, மதுரைக்கு ஒன்றும் திருச்சி, தஞ்சை வட்டாரங்களுக்கு ஒன்றுமாக இரட்டைப் படத் தொகுதிகளையும் 1858இல் வெளியிட்டார். மீனாட்சியம்மன் கோயிலை நேரில் காணாத ஒருவர், கடல் கடந்த ஊரில் நாற்காலியில் அமர்ந்தபடி, அதன் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழ்ந்து செல்வதைக் காணும் வாய்ப்பு அவ்வாறு ஏற்பட்டது. புகைப்பட வேலை அரசுக்குத் தாங்காத ஆடம்பரம் என்று கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அத்துறையையே மூடச் செய்ததால் டிரைப்பின் பணி விரைவில் நின்றுபோனது. தென்னிந்தியாவின் இரட்டைப் படங்கள் இதைவிட எத்தனையோ மடங்கு பெருகியிருக்கக்கூடும் என்று வருந்த இடமுண்டு.

இரட்டைப் பட அட்டை வணிகம் 1880களுக்குப் பின் அமெரிக்காவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. அண்டர்வுட் அண்டு அண்டர்வுட், கீஸ்டோன் வியூ கம்பெனி ஆகியவை கல்லூரி மாணவர்களை விற்பனையாளர்களாக்கி வீடு வீடாக அனுப்பின. திரைப்படமும் வானொலியும் வந்தபின் அட்டைகள் பரணுக்குப் போயின. ஆயினும் அக்கலை அழியாமல் குழந்தைகள் கையில் தங்கியது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் வில்லியம் குரூபர் உருவாக்கி 1939இல் விற்பனைக்கு வந்த வியூ-மாஸ்டர், வட்டத் தகடு ஒன்றில் ஏழு இணைகளாகப் பதினான்கு சிறிய வண்ணப் படங்களைப் பதித்து, நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் ‘டக்’கென்று அடுத்த காட்சிக்குத் தாவியது. இந்திய வீடுகளிலும் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதை வெளிச்சத்தின் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கின்றனர். முதல் வேலை இவ்வாறு ஏறக்குறைய முற்றுப்பெற்றது. வியூ-மாஸ்டரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பினாலோ, காட்சியும் தலையோடு கூடவே வந்துவிடும்; பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று அதில் எட்டிப் பார்க்க வழியில்லை.

திரைப்பட ஒளிப்பதிவாளரான மார்ட்டன் ஹைலிக் 1960இல் காப்புரிமை பெற்ற முகமூடி வடிவத் தொலைக்காட்சி, இரு கண்களுக்கும் படத்தையும் காதுக்கு ஒலியையும் தந்தது; ஆனால் தலையின் அசைவை அது அறியாது. 1961இல் ஃபில்கோ நிறுவனப் பொறியாளர்கள் தலையின் திருப்பத்தைக் காந்தப்புலத்தால் அளந்து, தொலைவிலிருந்த ஒரு கேமராவை அதற்கேற்பத் திருப்பிக் காட்டினர்; ஆனால் அதில் காணக் கிடைத்தது மெய்யான உலகமே அன்றிக் கணினி வரைந்தது அன்று. கணினி வரையும் உலகையும் தலையின் திருப்பத்தையும் முதன்முதலாக இணைத்தவர் ஐவன் சதர்லண்டு. 1968இல் அவர் தம் மாணவர் பாப் ஸ்ப்ரௌல் முதலியோரின் துணையுடன் அமைத்த கருவியில், இரண்டு சிறிய தொலைக்காட்சிக் குழாய்கள் தலையின் இருபுறமும் இருக்க, கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை ஒன்று தலைப்பட்டையோடு பிணைந்து அதன் இடத்தையும் கோணத்தையும் கணினிக்குச் சொன்னது. காற்றில் மிதக்கும் கம்பிக்கூடு போன்ற ஒரு கனசதுரத்தைச் சுற்றி நடந்து வர முடிந்தது, காட்சி அவ்வளவே. தலைக்கு மேல் தொங்கிய அந்தக் கனத்த அமைப்புக்கு, ஒற்றை மயிரிழையில் வாள் தொங்கும் கிரேக்கக் கதையை நினைவூட்டி, ‘டேமோக்ளீசின் வாள்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தலையசைவை அளப்பதில் இத்தனை சிரமம் ஏன் என்பதற்கு விடை காதுக்குள் இருக்கிறது. உட்காதில் அமைந்த சமநிலை உறுப்பு, தலை எவ்வளவு திரும்பியது என்பதை மூளைக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மலைப்பாதை வளைவுகளில் ஓடும் பேருந்தில் புத்தகம் படிப்பவருக்குக் குமட்டல் வருவது, காது ‘திரும்புகிறோம்’ என்று சொல்ல, கண் ‘அசையவே இல்லை’ என்று மறுப்பதால். வி.ஆர். கண்ணாடியில் தலை திரும்பிய பிறகு படம் தாமதித்துத் திரும்பினால் இதே சச்சரவு மூளைக்குள் எழுகிறது. தலை அசைந்த கணத்துக்கும் புதிய படம் கண்ணை எட்டும் கணத்துக்கும் இடையிலான தாமதம் சுமார் 20 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள், இருக்க வேண்டும் என்பது பின்னாளில் இத்துறையினர் ஏற்றுக்கொண்ட வரம்பு. 20ஆம் நூற்றாண்டில் வீட்டு விலையில் கிடைத்த எந்தக் கணினியும் இதற்கு ஈடுகொடுக்கவில்லை.

1980களின் நடுவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தினர், கையடக்கத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து எடுத்த சிறிய திரவப்படிகத் திரைகளைக் கொண்டு ஒரு தலைக்கருவி செய்தனர். வேறு எதற்கோ லட்சக்கணக்கில் உற்பத்தியாகி விலை குறைந்த திரையைக் கடன் வாங்கும் இவ்வழியே பிற்காலத்தில் இத்துறையைக் காப்பாற்றியது. அதே காலத்தில் ஜேரன் லனியரின் வி.பி.எல். நிறுவனம் கண்ணாடியையும் கையுறையையும் விற்கத் தொடங்க, ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்னும் பெயரையும் அவரே பரப்பினார். கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 9,000 டாலர் விலை போனதால் அது வீட்டுப் பொருளாக வாய்ப்பில்லை. செகா நிறுவனம் 1993இல் காட்சிக்கு வைத்த வீட்டுக் கண்ணாடியோ கடைக்கு வராமலேயே கைவிடப்பட்டது.

இவ்வரிசையில் நின்று நோக்கத்தக்கது நிண்டெண்டோவின் வர்ச்சுவல் பாய். அதன் தந்தையான குன்பெய் யோகோய், கேம் பாயின் மூலம் கோடிக்கணக்கான குழந்தைகளின் கைகளை எட்டியவர். பழகிப் புளித்து விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புது வகையில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கச் சிறு நிறுவனம் ஒன்றின் கண்டுபிடிப்பு அக்கொள்கைக்குப் பொருந்தி வந்தது. முழுத் திரைக்கு மாறாக 224 சிவப்பு ஒளிப்புள்ளிகள் ஒரே நெடுவரிசையில் இருக்க, வேகமாக ஊசலாடும் ஒரு கண்ணாடி அந்த ஒற்றைக் கோட்டைப் பக்கவாட்டில் இழுத்து 384 கோடுகள் அகலமுள்ள படமாக விரித்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் இத்தகைய அமைப்பு ஒன்று. சிவப்பு ஒளியுமிழி மலிவானது, மின்சாரமும் குறைவாக இழுப்பது என்பதால், ஆட்டத்தின் உலகம் முழுவதும் கரும்பின்னணியில் சிவப்புக் கோடுகளாகவே அமைந்தது. முதலில் தலையில் அணியும் கருவியாக எண்ணப்பட்டதை, குமட்டலும் கண் பாதிப்பும் நேரலாம் என்ற அச்சத்தால் நிறுவனம் மேசைமேல் இரு கால்களில் நிற்கும் பெட்டியாக மாற்றியது. ஆடுபவர் குனிந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். தலையைத் திருப்பினால் ஆட்டமே மறைந்துவிடும். இடையிடையே ஓய்வெடுக்கச் சொல்லித் தானே நின்றுகொள்ளும் வசதியும், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் அதனுடன் வந்தன. ஜப்பானில் 1995 ஜூலை 1 அன்று உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்க, வர்ச்சுவல் பாய் அதே மாதம் 21ஆம் தேதி 15,000 யென் விலையில் வெளிவந்தது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

விற்றவை ஏறத்தாழ 7,70,000; வெளியான ஆட்டங்கள் 22 மட்டுமே; ஜப்பானில் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே விற்பனை நின்றது. சிவப்பு நிறத்தையும் தலைவலியையும் பழிப்பது வழக்கம். ஆயினும் அடிப்படைக் குறை வேறு. வர்ச்சுவல் பாய் வி.ஆர். கண்ணாடியே அன்று, அது ஆடத்தக்க ஸ்டீரியோஸ்கோப். பெயரில் இரண்டாவது வேலையை வாக்களித்துவிட்டு முதல் வேலையை மட்டும் செய்த கருவியிடம் வாங்கியவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. யோகோய் 1996இல் நிறுவனத்தை விட்டு விலகி, அடுத்த ஆண்டு சாலை விபத்தில் இறந்தார்.

அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் இத்துறையை வீட்டுச் சந்தை மறந்திருந்தது. அதைத் திரும்ப எழுப்பியது கைப்பேசி. படம் பக்கவாட்டில் நிமிர வேண்டுமா என்று கைப்பேசி அறிவதற்காக வைத்த முடுக்க உணரியும், 2010 முதல் அதனோடு சேர்ந்த சுழல் உணரியும், சதர்லண்டின் கூரைக் கை செய்த வேலையின் பெரும்பகுதியை நகத்தளவுச் சில்லுக்குள் அடக்கிவிட்டன. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பழைய தலைக்கருவிகளைத் திரட்டிப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த பால்மர் லக்கி என்னும் இளைஞர், கைப்பேசித் திரையையும் மலிவான அகன்ற வில்லைகளையும் சேர்த்து, வில்லை படத்தை வளைப்பதற்கு நேர்மாறாகக் கணினியே முன்கூட்டி வளைத்து வரையுமாறு செய்தால் போதும் என்பதைப் பிடித்துக்கொண்டார். 2012 ஆகஸ்டில் அவருடைய ஆக்குலஸ் ரிஃப்ட், கிக்ஸ்டார்ட்டர் என்னும் பொதுமக்கள் நிதிதிரட்டு வழியில் 2,50,000 டாலர் கேட்டு 24 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. 2014இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை 200 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அவ்வாண்டு வெளிவந்த இரண்டாம் முன்மாதிரியைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே சாம்சங் கேலக்ஸி நோட் 3 கைப்பேசியின் முன்பலகை அப்படியே பொருத்தப்பட்டிருந்ததைக் கண்டனர்.

2016இல் ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கும், எச்.டி.சி. வைவ் 799 டாலருக்கும், பிளேஸ்டேஷன் வி.ஆர். 399 டாலருக்கும் கடைக்கு வந்தன. மூன்றும் கம்பி வழியே வேறொரு பெட்டியோடு பிணைந்தவை. முதலிரண்டுக்கும் ஆற்றல் மிகுந்த கணினி தனியே வேண்டும். வைவுக்கோ அறையின் இரு மூலைகளிலும் ஒளிவீசும் பெட்டிகளை மாட்ட வேண்டும். மறுகோடியில், கூகிளின் பாரிஸ் அலுவலகத்தைச் சேர்ந்த டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி இருவரும் உருவாக்கி 2014இல் வெளிவந்த கார்ட்போர்டு, மடித்த அட்டையும் இரு வில்லைகளும் மட்டுமே கொண்டு கைப்பேசியையே கண்ணாடியாக்கியது. அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டதில் ஹோம்சின் வழி மீண்டும் வந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2015 நவம்பரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர் வீடுகளுக்கு அதைச் செய்தித்தாளோடு அனுப்பியது. இந்தியாவில் 2023இல் ஜியோ நிறுவனம் ஐ.பி.எல். கிரிக்கெட் பார்க்கவென்று 1,299 ரூபாய்க்கு விற்ற ஜியோடைவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவற்றில் தலை திரும்புவதைக் கருவி அறியும்; ஒரு பொருளை நோக்கிக் குனிவதையோ ஓரடி எடுத்து வைப்பதையோ அறியாது. ஆகவே நின்று சுற்றிப் பார்க்க இவை போதுமானவை, ஓடியாடி விளையாடப் போதாதவை.

அக்குறை தீர்ந்தது 2019 மே மாதம் வந்த ஆக்குலஸ் குவெஸ்டில். கண்ணாடியின் முகப்பிலேயே அமைந்த நான்கு கேமராக்கள் அறையின் சுவரையும் மேசை விளிம்பையும் பார்த்துத் தலை எங்கே நிற்கிறது என்பதைக் கணித்ததால், கம்பியும் மூலைப் பெட்டியும் வேறு கணினியும் வேண்டாமல் போயின. 2020 அக்டோபரில் குவெஸ்ட் 2 அதைவிடக் குறைவாக 299 டாலருக்கு வந்தபோது, கொரோனா முடக்கத்தால் உலகம் வீட்டுக்குள் அடைந்திருந்தது. பாட்டின் தாளத்துக்கேற்பப் பறந்து வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் பீட் சேபர் என்னும் ஆட்டம், தலையும் கையும் உடலும் சேர்ந்து ஆடும் விளையாட்டு என்றால் என்ன என்பதை எந்த விளக்கமும் இன்றி உணர்த்தியது. வால்வ் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்ட ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், அலமாரிக் கதவைத் திறந்து டப்பாக்களை ஒதுக்கித் தோட்டாவைத் தேடும் சிறு செயலைக்கூட விளையாட்டாக்கியது. வர்ச்சுவல் பாய் கொடுக்கத் தவறியது இதைத்தான்.

இரண்டு வேலைகளும் கூடியபின் மிஞ்சிய சிக்கல்கள் மின்னணுவியலைச் சேர்ந்தவை அல்ல. முதல் குவெஸ்டின் எடை 571 கிராம், குவெஸ்ட் 2இன் எடை 503 கிராம்; அரைக் கிலோவை முகத்தின் முன்பக்கம் சுமப்பதைக் கழுத்து வெகுநேரம் பொறுப்பதில்லை. வீட்டார் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதன் சங்கடமும் தீரவில்லை. 2024 பிப்ரவரியில் ஆப்பிள் 3,499 டாலருக்கு வெளியிட்ட விஷன் புரோ, அணிந்தவரின் கண்களை எதிரில் இருப்பவருக்குப் படமாகக் காட்டுவதற்கென்றே முகப்பில் ஒரு தனித் திரையைச் சுமந்து வந்தது; விக்டோரியா காலத்துக் கூடத்தில் முறைக்காகக் காத்திருந்தவரின் மனக்குறைக்கு இத்தனை செலவில் தரப்பட்ட இந்த மறுமொழி, குறையைத் தீர்த்ததைவிட ஒப்புக்கொண்டது என்பதே பொருந்தும்.

ஹோம்சின் கருவிக்கு இடம் என்று ஏதும் தேவைப்படவில்லை; ஜன்னலோர நாற்காலி ஒன்று போதும். குவெஸ்டில் நடமாடி ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடிச் சதுரம், தடையின்றி இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் கண்ணாடியை அணிந்தவர் கைக்கருவியால் தரையைச் சுற்றி எல்லைக்கோடு ஒன்றைக் காட்ட வேண்டும்; விளையாட்டின் நடுவே அந்தக் கோட்டை நெருங்கினால் கண்முன் வலை போன்ற ஒரு சுவர் எழும். டீப்பாயையும் நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளிவைக்க வேண்டியது வீட்டாரின் வேலை.